தொழிற்கல்வி மாணவர்களின் ஆங்கிலக் கற்றல் பாணி விருப்பங்கள்: ஒரு திறனாய்வு

கற்றல் பாணி என்பது ஒருவர் புதிய செய்தியை எவ்வழியில் பெறவும் பயிலவும் விரும்புகிறார் என்பதைக் குறிக்கும் கல்வியியல் சொல். பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என மாணவர்களைப் பிரிப்பது இக்கருத்தின் பரவலான வடிவம். ஆங்கிலத்தை அயல்மொழியாகப் பயிலும் நாடுகளில் தொழிற்கல்வி மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்து அவர்களின் பாணியைக் கண்டறியும் ஆய்வுகள் பல நடந்துள்ளன. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் தம் ஆய்வேட்டுக்கு எளிதில் தேர்ந்துகொள்ளும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. இவ்வகை ஆய்வுகள் எதை அளக்கின்றன, அவற்றின் முடிவை வகுப்பறையில் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினாநிரலின் தோற்றமும் அமைப்பும்

ஆங்கிலம் பயிலும் பிறமொழி மாணவர்களுக்கென உருவான கருவிகளில் அதிகம் பயன்படுவது, அமெரிக்க ஆய்வாளர் ஜாய் ரீட் உருவாக்கிய புலன்வழிக் கற்றல் பாணி வினாநிரல். இதைக் கொண்டு 1,388 மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை அவர் 1987இல் ‘டீசோல் குவார்ட்டர்லி’ இதழில் வெளியிட்டார். வினாநிரலில் 30 கூற்றுகள் உள்ளன. பார்த்தல், கேட்டல், உடலியக்கம், கையால் தொட்டுச் செய்தல், குழுவாகக் கற்றல், தனியாகக் கற்றல் என்னும் ஆறு பிரிவுகளுக்கும் பிரிவுக்கு ஐந்து கூற்றுகள் வீதம் அமைந்துள்ளன. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதற்கு 5 முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதற்கு 1 வரை மதிப்பெண் உண்டு. ஒரு பிரிவின் ஐந்து விடைகளையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். 38 முதல் 50 வரை முதன்மை விருப்பம். 25 முதல் 37 வரை துணை விருப்பம். 24உம் அதற்குக் குறைந்தவையும் பொருட்படுத்தத் தகாதவை.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. எல்லாக் கூற்றுகளுக்கும் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று 3 மதிப்பெண் இடும் மாணவர் ஒவ்வொரு பிரிவிலும் 30 பெறுவார். அதாவது எதைப் பற்றியும் கருத்தில்லாத ஒருவருக்கு ஆறு வழிகளிலும் துணை விருப்பம் இருப்பதாகப் பதிவாகும். ஆசிரியர் தந்த தாள் என்ற மரியாதையில் எல்லாவற்றுக்கும் ‘உடன்படுகிறேன்’ என்பவர் 40 பெற்று, ஆறு முதன்மை விருப்பங்கள் கொண்டவர் ஆகிவிடுவார். கூட்டுத்தொகை இரட்டிப்பாவதால் மதிப்பெண் எப்போதும் இரட்டை எண்ணாகவே வரும். துணை விருப்பத்தின் 36க்கும் முதன்மை விருப்பத்தின் 38க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு கூற்றில் ஒரு படி மாற்றம்தான். இவ்வளவு மெல்லிய கோட்டை வைத்து ஒரு மாணவரை ‘இன்ன வகையினர்’ என்று பிரிப்பது பொருந்தாது.

1987 ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

ரீடின் ஆய்வில் அயல்மொழி மாணவர்கள் பொதுவாக உடலியக்க வழியையும் தொட்டுச் செய்யும் வழியையும் விரும்பினர். குழுவாகக் கற்பதைப் பெரும்பாலான பிரிவினர் விரும்பவில்லை. பொறியியல், கணினி மாணவர்கள் கலைப்பாட மாணவர்களைவிடத் தொட்டுச் செய்யும் வழியை அதிகம் விரும்பினர். தொழிற்கல்வி பற்றி எழுதுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இம்முடிவுகளையே. ஆனால் அங்கு ஆய்வுக்கு உட்பட்டவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சூழலில் ஆங்கிலம் பயின்றவர்கள். தொழிற்பள்ளி மாணவர்கள் அல்லர்.

அதே ஆய்வில் அவ்வளவாக மேற்கோள் காட்டப்படாத முடிவு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் நெடுநாள் தங்கிய மாணவர்களிடம் கேட்டுக் கற்கும் விருப்பம் கூடியிருந்தது. விருப்பம் பிறவியிலேயே அமைந்த இயல்பு அன்று, பழக்கத்தால் மாறக்கூடியது என்பதற்கு இது சான்று. காதுக்கு நாள்தோறும் ஆங்கிலம் கிடைத்த இடத்தில் காது பழகியது. பழகியதை மனம் விரும்பியது. ரீட் 1990இல் அதே இதழில் எழுதிய மற்றொரு கட்டுரையில், இத்தகைய வினாநிரல்களை உருவாக்குவதில் உள்ள இடர்களை வெளிப்படையாகவே விவரித்தார். கருவியைச் செய்தவர் காட்டிய அந்த எச்சரிக்கை, கருவியைக் கையாளும் பலரிடம் காணப்படுவதில்லை.

இந்தோனேசியத் தொழிற்பள்ளிகள்: ஓர் எடுத்துக்காட்டு

இந்தோனேசியாவில் ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் மாணவர்கள் பொது மேல்நிலைப் பள்ளிக்கோ ‘எஸ்எம்கே’ எனப்படும் தொழில்சார் மேல்நிலைப் பள்ளிக்கோ செல்லலாம். மோட்டார் வாகனம், கணினி வலையமைப்பு, கணக்கியல், விடுதிப் பணி, சமையற்கலை முதலிய பிரிவுகள் அங்கு உண்டு. எப்பிரிவானாலும் ஆங்கிலம் கட்டாயப் பாடம். கற்றல் பாணி வினாநிரலைக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வேடுகள் அந்நாட்டு ஆங்கிலக் கல்வித் துறைகளில் அடிக்கடி காணக்கூடியவை.

அங்கே மோட்டார் வாகனப் பிரிவில் படிக்கும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டு மெக்கானிக் ஆங்கிலம் படிக்காவிட்டாலும் பிரேக், கிளட்ச், ஜாக்கி, போல்ட் என்ற சொற்களை அறிந்திருப்பார். இந்தோனேசியாவை டச்சுக்காரர்கள் ஆண்டதால் அங்குள்ள பட்டறைச் சொற்கள் பலவும் டச்சு மொழியிலிருந்து வந்தவை. பிரேக் அங்கு ‘ரெம்’, கிளட்ச் ‘கொப்லிங்’, ஜாக்கி ‘டொங்க்ராக்’. மாணவரின் கைக்கு ஜாக்கி நன்றாகப் பழகியிருக்கிறது, ஆங்கிலப் பெயர் பழகவில்லை. ஜாக்கியை நூறு முறை தொட்டாலும் பெயர் கையிலிருந்து வாய்க்கு வராது. அந்தப் பெயரைக் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும், எழுத்தில் காண வேண்டும்.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தோனேசிய மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கிறது. ஆங்கிலம் அப்படி இல்லை. ஸ்பேனர் போன்ற கருவியைக் குறிக்கும் ‘ரெஞ்ச்’ என்ற சொல் ஒலிக்காத ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்குகிறது. கண்ணை மட்டும் நம்புபவர் அதைத் தவறாக ஒலிப்பார். ‘பிரேக்’ என ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் ஒன்று வண்டியை நிறுத்தும் உறுப்பு, மற்றொன்று உடைதல். காதை மட்டும் நம்புபவர் அவற்றை எழுத்தில் குழப்பிக்கொள்வார். ‘நான் பார்த்துக் கற்பவன்’, ‘நான் கேட்டுக் கற்பவன்’ என்ற பிரிவினை இங்கே உதவாது. சொல்லின் இயல்பு இரண்டு வழிகளையும் கேட்கிறது.

வினாநிரலின் கூற்றுகளுக்கு ஆங்கிலப் படிப்பை மனத்தில் வைத்து விடையளிக்குமாறு ரீடின் அறிவுறுத்தல் கூறுகிறது. ஆங்கில வகுப்பில் கருவியைத் தொட்டே அறியாத மாணவர், கையால் செய்து கற்பது பிடிக்குமா என்ற கேள்விக்கு எதை நினைத்து விடையளிப்பார்? பட்டறையை நினைத்துத்தான். தாளில் ஆங்கிலம் பற்றிய விருப்பம் என்று பதிவாவது, தொழிற்பாடத்தின் மீதுள்ள ஈடுபாடாகவோ ஆங்கில வகுப்பின் மீதுள்ள சலிப்பாகவோ இருக்கக்கூடும்.

விருப்பமும் தேவையும்

ரீடின் கட்டுரை வந்த அதே 1987இல் டாம் ஹட்சின்சன், ஆலன் வாட்டர்ஸ் இருவரும் தொழில்சார் ஆங்கிலம் பற்றிய தம் நூலை வெளியிட்டனர். கற்போரின் தேவையை அவர்கள் மூன்றாகப் பகுத்தனர்: பணியிடம் கேட்கும் மொழித்திறன், அதில் மாணவரிடம் இப்போதுள்ள குறை, மாணவர் தாமே விரும்புவது. கற்றல் பாணி வினாநிரல் தொடுவது மூன்றாவதின் ஒரு பகுதியை மட்டும். முதல் இரண்டையும் விட்டுவிட்டு அதை வைத்தே பாடம் அமைப்பது நோயாளிக்குப் பிடித்த சுவையைக் கேட்டு மருந்து எழுதுவதற்கு ஒப்பானது.

விடுதிப் பிரிவு மாணவர் தொலைபேசியில் அறை முன்பதிவு எடுக்க வேண்டும். அங்கே சைகை இல்லை, முகம் இல்லை. விருந்தினர் தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, காதால் வாங்கிக் கையால் எழுத வேண்டும். அந்த மாணவருக்குக் கேட்டல் பிடிக்குமா என்பது அங்கு எழாத கேள்வி. குழுவாகக் கற்பதை விரும்பாத மாணவரும் சமையற்கூடத்தில் குழுவாகவே வேலை செய்ய வேண்டியிருக்கும். பணியிடத்தில் தேவைப்படுவதை விருப்பமில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது. விருப்பமில்லாத இடத்தில்தான் ஆசிரியரின் உதவி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

‘பாணிக்கேற்பக் கற்பித்தல்’ என்ற கருதுகோள்

இவ்வாய்வுகள் பலவும் ஒரே பரிந்துரையில் முடிகின்றன: மாணவரின் பாணிக்கேற்ப ஆசிரியர் கற்பித்தால் கற்றல் மேம்படும். இது சோதித்தறிய வேண்டிய கருதுகோள். வினாநிரல் மட்டும் இதை மெய்ப்பிக்காது.

சோதிக்கும் முறையை ஹெரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் தெளிவுபடுத்தினர். பார்த்துக் கற்போரில் பாதிப்பேருக்குப் படம்வழியும் மீதிப்பேருக்குக் கேள்விவழியும் கற்பிக்க வேண்டும். கேட்டுக் கற்போரையும் அவ்வாறே பிரிக்க வேண்டும். பின் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். முதல் பிரிவினருக்குப் படமும் இரண்டாம் பிரிவினருக்குக் கேள்வியும் மிகுந்த பயன் தந்தால்தான் கருதுகோள் நிற்கும். எல்லாருக்குமே படம் நன்றாக உதவியது என்றால் அது படத்தின் சிறப்பு. பாணிக்குச் சான்று ஆகாது. இந்த முறையில் நடந்த ஆய்வுகள் மிகச் சில என்றும், பாணிக்கேற்பக் கற்பிப்பதை ஏற்கப் போதிய சான்று இல்லை என்றும் அவர்கள் கண்டனர். 2015இல் பெத் ரோகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பெரியவர்களிடம் ஒலிநூலையும் மின்னூலையும் வைத்துச் சோதித்தனர். படிக்க விரும்பியவர் படித்தபோதோ கேட்க விரும்பியவர் கேட்டபோதோ புரிதல் கூடவில்லை.

இருந்தும் நம்பிக்கை குறையவில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்கு கற்பர் என்று நம்பினர்.

முத்திரை குத்துவதன் தீங்கு

தொழிற்கல்விக்கு நேரடித் தொடர்புடைய திறனாய்வு 2004இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் பயிலும் கல்லூரிகளில் பாணி வினாநிரல்கள் பெருகியபோது, பிராங்க் காஃபீல்டு தலைமையிலான குழு 71 பாணிக் கொள்கைகளை இனங்கண்டு, 13ஐ நுணுகி ஆராய்ந்தது. நம்பகத்தன்மை, ஏற்புடைமை ஆகியவை சார்ந்த நான்கு அளவுகோல்களையும் நிறைவு செய்தது அவற்றுள் ஒன்றே. அவ்வறிக்கை ஒரு மாணவரின் கூற்றையும் பதிவு செய்கிறது. தாம் செய்து கற்பவர் என்று சோதனை சொல்லிவிட்டதால் நூலைப் படிப்பதிலும் பிறர் பேச்சைச் சில நிமிடங்களுக்கு மேல் கேட்பதிலும் பயனில்லை என்ற முடிவுக்கு அம்மாணவர் வந்துவிட்டார்.

தொழிற்கல்வி மாணவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ‘இவர்களுக்குப் படிப்பு வராது, கைவேலைதான் வரும்’ என்ற பழைய எண்ணம் சமூகத்தில் ஏற்கெனவே உள்ளது. வினாநிரல் அதற்கு ஆராய்ச்சியின் மேற்பூச்சைத் தந்துவிடுகிறது. செய்து கற்பவர்கள் என்று பெயரிடப்பட்ட வகுப்பில் வாசிப்பும் எழுத்தும் குறைந்து, விளையாட்டும் நடிப்பும் மிகுந்தால் வகுப்பு கலகலப்பாக இருக்கும். ஆனால் பராமரிப்புக் கையேடு, பாதுகாப்பு எச்சரிக்கை, வேலை விண்ணப்பம் எல்லாமே எழுத்தில்தான் உள்ளன. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைச் செய்து பார்த்துக் கற்க முடியாது. அதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கை நீள வேண்டும்.

வினாநிரலின் பயன்

இதனால் விருப்பத்தைக் கேட்பதே வீண் என்றாகாது. வகுப்பில் இதுவரை எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை மாணவரின் விடை காட்டும். முப்பது பேரும் கையால் செய்ய விரும்புவதாகச் சொன்னால், ஆங்கில வகுப்பு வெறும் விரிவுரையாக நடக்கிறதோ என்று ஆசிரியர் தம் பாடமுறையைத் திரும்பிப் பார்க்கலாம். ‘வார்க்’ என்னும் மற்றொரு புகழ்பெற்ற வினாநிரலை 1992இல் அறிமுகப்படுத்திய நீல் பிளெமிங், காலின் மில்ஸ் இருவரும் அதைச் சிந்தனையைத் தூண்டும் கருவியாகவே முன்வைத்தனர்.

பலவழிக் கற்பித்தலும் தேவையே. ஆனால் அது ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி வழி என்ற பொருளில் அன்று. ஒரே பாடத்துக்கு எல்லா மாணவருக்கும் பல வழிகள் என்ற பொருளில். சக்கரம் மாற்றும் பாடத்தில் உறுப்புகளைப் படத்தில் கண்டு, பெயரைக் கேட்டுச் சொல்லி, ஆங்கிலக் கட்டளைக்கேற்ப வேலையைச் செய்து, பின் படத்தை மறைத்துவிட்டு வரிசையை நினைவிலிருந்து எழுதலாம். கண், காது, கை, எழுத்து நான்கும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். எந்தக் கட்டத்தில் எது வேண்டும் என்பதைப் பாடப்பொருள் முடிவு செய்கிறது.

ஆய்வு மாணவர் கவனிக்க வேண்டியவை

இத்தலைப்பில் ஆய்வு செய்ய விரும்புவோர் சதவீதப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் சிலவற்றைச் சேர்த்தால் ஆய்வு பயனுடையதாகும். வினாநிரலை மாணவரின் தாய்மொழியில் தந்து, கூற்றுகள் புரிந்தனவா என்று முன்சோதனை செய்ய வேண்டும். சில வாரம் கழித்து அதே வினாநிரலை மீண்டும் கொடுத்து விடை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சிலரையாவது நேரில் கேட்டு, எந்த வகுப்பை மனத்தில் வைத்து விடையளித்தார்கள் என்று அறிய வேண்டும். விருப்பத்தோடு மொழித்திறன் தேர்வும் பணியிடத் தேவைப் பட்டியலும் இருக்க வேண்டும். ஒரு பள்ளியின் ஒரு வகுப்பில் கண்டதைத் தொழிற்கல்வி மாணவர் அனைவருக்கும் பொதுவாக்கக் கூடாது.

மதிப்பீடு

கற்றல் பாணி ஆய்வுகள் ஆசிரியரின் பார்வையை மாணவர் பக்கம் திருப்பின; அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. விருப்பத்தைத் திறனாகவும், இன்றைய பழக்கத்தை மாறாத இயல்பாகவும் எடுத்துக்கொண்டதே அவற்றின் பிழை. கைத்தொழில் கற்கும் மாணவருக்குக் கைவழியாகத் தொடங்குவது நல்ல தொடக்கம். அங்கிருந்து கையேட்டின் பக்கத்துக்கும் நேர்காணல் அறைக்கும் அவரை அழைத்துச் செல்வது ஆங்கில ஆசிரியரின் கடமை. அந்த வழியை அடைக்கும் எந்த வினாநிரலும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தரப்பட்டாலும், மாணவருக்கு நன்மை செய்வதில்லை.