ரெக்கார்டு நோட்டும் பொட்டிபுரமும்

போன மாசம் தேவாரத்துப் பக்கமிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். சட்டம் படிக்கிறான், கடைசி வருஷம். "அண்ணே, கோர்ட்ல ட்ரயல் பார்த்ததா ஒரு சிவில், ஒரு கிரிமினல் எழுதணும். உங்க பழைய ரெக்கார்டு நோட்டு இருந்தா குடுங்கண்ணே" என்றான்.

நான் யோக்கியன் வேஷம் போட முடியாது. என் நோட்டும் எனக்கு முன்னால் படித்தவர் நோட்டைப் பார்த்து எழுதியதுதான். நான் பார்த்ததாக எழுதிய விசாரணையில் சாட்சியின் பெயரைக்கூட மாற்றவில்லை. வைவாவில் பக்கத்தைப் புரட்டிவிட்டு "நல்லா எழுதியிருக்கப்பா" என்றார்கள். பாராட்டு என் கையெழுத்துக்கு!

பேச்சோடு பேச்சாகத் தம்பி பொட்டிபுரம் பற்றிச் சொன்னான். அவன் அப்பத்தா ஆடு ஓட்டிப்போன கரடு அந்தப் பக்கம்தான். நியூட்ரினோ ஆய்வகத்துக்காகக் குடைய இருந்த அம்பரப்பர் மலை. "அந்தக் கேஸ முழுசாப் படிச்சு ஒரு ஆய்வா எழுதணும்னு ஆசைண்ணே. காலேஜ்ல கேட்டேன். எந்த பேப்பர்ல மார்க் போடுறதுன்னு திருப்பிக் கேட்டாங்க."

அந்தத் திருப்பிக் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கேட்டவர் மேல் தப்பில்லை, மார்க் போட இடம் இல்லைதான். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் நான்கு பாடங்கள் செய்முறைப் பயிற்சிக்கென்று கட்டாயம். வரைவுப் பாடத்தில் மனு, வழக்குரை போன்றவை 15 பயிற்சிக்கு 45 மதிப்பெண், பத்திரங்கள் 15 பயிற்சிக்கு 45, வைவாவுக்கு 10. மாதிரி நீதிமன்றப் பாடத்தில் மூட் கோர்ட்டுக்கு 30, விசாரணை பார்ப்பதற்கு 30, கட்சிக்காரரைப் பேட்டி எடுப்பதற்கும் முன் தயாரிப்புக்கும் 30, வைவா 10. இன்டர்ன்ஷிப் மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரம், ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரம். காகிதத்தில் படித்தால் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் எல்லாமே கடைசியில் நோட்டாக வந்து நிற்கிறது, அந்த நோட்டை மாணவனோடு உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. ஒரே கேள்வியை எடுத்து, ஒரே ஆசிரியரிடம், ஒரு பருவம் முழுக்க உழைத்தேன் என்பதற்கு எல்.எல்.எம். வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கேதான் ஆய்வேடு. வக்கீலாகப் போகிற பெரும்பாலானவர்கள் எல்.எல்.எம். பக்கமே போவதில்லை.

தம்பியிடம் சொன்னேன், மார்க் என்னால் தர முடியாது, நான்கு ஞாயிற்றுக்கிழமை தரலாம் என்று.

முதல் வாரம் ஆறு பக்கம் கொண்டுவந்தான். அதில் மூன்று பக்கம் நியூட்ரினோ என்றால் என்ன, 50,000 டன் காந்த இரும்பு எதற்கு என்று. மீதி மூன்று பக்கம் மேடைப் பேச்சு. "தீர்ப்பாய உத்தரவப் படிச்சியா, இல்ல பேப்பர்ல வந்ததப் படிச்சியா?" என்றேன். சிரித்தான்.

இரண்டாம் வாரம் உத்தரவுகளோடு வந்தான். அதற்குப் பிறகுதான் விஷயம் பிடிபட்டது. 2011-ல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச் 20-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. வழக்குப் போட்டது பூவுலகின் நண்பர்கள். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது என்பது ஒரு காரணம். தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த கோவை சாலிம் அலி மையத்துக்கு அந்த வேலைக்கு வேண்டிய அங்கீகாரம் இல்லை என்பது இன்னொன்று. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் திட்டத்தைச் சிறப்பு நேர்வாக எடுத்து, அட்டவணையில் 8(அ) என்ற இனத்தின் கீழ் தானே அனுமதி கொடுத்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியைத் தொடவில்லை, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசே அங்கே திட்டம் வேண்டாம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

"8(அ)ன்னா என்ன?" என்றேன். பார்த்துச் சொன்னான்: கட்டடம் மற்றும் கட்டுமானத் திட்டங்கள், 20,000 சதுர மீட்டருக்கு மேல். அடுக்குமாடி, வணிக வளாகம் எல்லாம் வருகிற இடம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அண்ணே, மலைக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் சுரங்கம்ணே. அது கட்டடமா?"

அந்த இடத்தில்தான் அவனுக்கு ஆய்வுக் கேள்வி கிடைத்தது. 'நியூட்ரினோ நல்லதா கெட்டதா' என்பதற்கு ஒரு சட்ட மாணவன் பதில் சொல்லத் தேவையில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மலையைக் குடைவது எந்த இனத்தில் வரும், இனம் மாறினால் பூங்காவுக்கான தூரக் கணக்கு என்ன ஆகும், சுரங்கம் தோண்டுவதற்கான இனத்தில் ஏன் வைக்கவில்லை என்பதெல்லாம் அவன் வேலை. மூன்றாவது வாரம் அமைச்சகத்தின் தரப்பை, அதன் வக்கீல் போல, முழு பலத்தோடு எழுதச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. அப்பத்தாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்ததாம். ஆனால் எழுதினான். அந்த இரண்டு பக்கம்தான் இதுவரை அவன் எழுதியதில் உருப்படியானது.

இப்படி எத்தனையோ கேள்வி எங்கள் மலையைச் சுற்றியே கிடக்கிறது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலமலைக் காடு என்று திருவிதாங்கூர் 1897-ல் அறிவித்தது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று இன்னும் சண்டை நடக்கிறது. முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. தினமும் போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பிழைப்பும் அதில் மாட்டியிருக்கிறது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்குப் பதில் கிடையாது.

அமெரிக்காவில் இதற்குக் கிரெடிட் உண்டு. அங்கே வழக்கறிஞர் சங்கத்தின் தர விதி முதலாண்டுக்குப் பிறகும் ஒரு எழுத்துப் பணியையாவது ஆசிரியர் மேற்பார்வையில் முடிக்கச் சொல்கிறது. பல கல்லூரிகளில் மாணவனே தலைப்பு எடுத்து, ஒரு பேராசிரியரைச் சம்மதிக்கவைத்து, தனி ஆய்வாகப் பதிந்துகொள்ளலாம். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 42.5 மணி நேர உழைப்பு என்று கணக்கு. இரண்டு கிரெடிட் என்றால் 85 மணி. நமக்கும் வேண்டும் என்று எழுதிவிடுவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிறகு ஆசிரியர் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வகுப்பில் 60 பேர். ஒருவருக்கு ஒரு தடவைக்கு அரை மணி, பருவத்துக்கு எட்டு தடவை. 240 மணி நேரம், ஒரு வகுப்புக்கு மட்டும். இந்த நேரத்தை யார் கொடுப்பது? ஆசிரியரின் பாடவேளையில் இது எண்ணப்படாவிட்டால், தனி ஆய்வு என்பது அடுத்த வருஷமே ஐந்தாவது ரெக்கார்டு நோட்டாகிவிடும். இந்த முறை கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்பைரல் போட்டு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 1988-ல் தொடங்கியபோது பாடத்துக்குப் பாடம் ப்ராஜெக்ட், அதற்கு வைவா என்று வைத்தது நல்ல காரியம். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் எல்லாரும் எழுதுவது வேறு, ஒரு கேள்வியோடு ஒருவன் நான்கு மாசம் குடியிருப்பது வேறு.

அதனால் என் கோரிக்கை சின்னது. எல்லாருக்கும் வேண்டாம். விருப்பப் பாடங்களில் ஒன்றுக்குப் பதிலாக, கேட்டு வருகிற பத்துப் பேருக்கு மட்டும். ஒரு ஆசிரியருக்கு இரண்டு பேர், அந்த நேரம் அவருடைய பாடவேளையில் சேரவேண்டும். தமிழில் எழுத அனுமதி வேண்டும். முதல் வரைவையும் கடைசி வரைவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். முதல் வரைவு இல்லாத ஆய்வு எனக்குச் சந்தேகம்தான். ஊர்ப் பேச்சில் சொன்னால், சோறு வெந்ததைக் காட்டாதே, உலை வைத்ததைக் காட்டு.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை தம்பி 19 பக்கம் கொண்டுவந்தான். இன்னும் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது, அவனுக்கும் தெரியும். அடுத்த வாரம் பரீட்சை, அதனால் அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன் என்றான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "அண்ணே, அந்த ரெக்கார்டு நோட்டு?" என்றான்.

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முப்பது மார்க் அதில்தானே இருக்கிறது.