பாதிப் புடவை

திருப்பருத்திக்குன்றத்து சமணக் கோயிலின் விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. காஞ்சிபுரம் திரும்பும் வழியில் தறிச் சத்தம். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) ஞாபகம் வந்தது.

நெசவாளி வேங்கடத்துக்குப் பெண்டாட்டியைப் பட்டுடுத்தி அழைத்துவர ஆசை, நடக்கவில்லை. மகளுக்காவது கல்யாணப் பட்டு என்று ஊரறிய வாக்குக் கொடுக்கிறான். முதலாளியின் இழையை வாயில் அடக்கிக் கடத்தி, ரகசியமாக நெய்கிறான், வருஷக்கணக்கில்.

படத்தின் உயிர் வேறிடத்தில். தானே முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தை, இழைக்காக அவனே முடித்துவைக்கிறான். தடையைத் தாண்டியாச்சு, தோழர்கள் போயாச்சு. 'விடாதே, முயற்சி செய்' என்கிற சுயமுன்னேற்றப் புத்தகங்களில் இந்த அத்தியாயம் இருக்காது.

மகளைக் கிணற்றில் விழவைத்து நம்மை அழவிட்டிருக்க வேண்டாம். பிரகாஷ்ராஜுக்கு தேசிய விருது நியாயம்தான். கடைசியில் அந்தப் பாதிப் புடவையால் மகளின் உடலைப் போர்த்துகிறார். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. அதுக்கு வசனமே வேண்டாம்.