திட்டமும் மனுவும்: களிமண்ணின் இரண்டு நாட்காட்டிகள்

வடலூர் என்றால் 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு எல்லோருக்கும் நினைவு வரும். அதே ஊரின் சூளைகள் நினைவு வருவதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண்ணை ஒட்டி, வடலூரில் மின்கம்ப இன்சுலேட்டர் செய்யும் ஆலையும் கழிப்பறைப் பீங்கான் செய்யும் ஆலையும் எழுந்தன. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்தது; அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் வந்தது. இத்தனை மண் பிசைந்த வட்டாரத்தில் ‘மட்கலைஞர்’ என்று பெயர் சொல்லி யாரையாவது அறிவோமா?

கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினார்கள். இந்தியாவின் நவீன ஸ்டுடியோ மட்கலையில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது. 2018இல் ஜெய்ப்பூரில் நடந்த முதல் இந்திய செராமிக் ட்ரையெனலே கண்காட்சியின் அமைப்பாளர்களிலும் அங்கே பயின்றவர்கள் இருந்தார்கள்.

ஸ்டுடியோக் கலைஞர் ஆண்டுக்கொருமுறை தன் கணக்கைச் சொல்வது ஒரு வழக்கம். இத்தனை கண்காட்சி, புதுச் சூளை, வெளிநாட்டில் ஒரு தங்கிப் பயிலல். வரும் ஆண்டில் இன்னின்ன திட்டம். படிக்க எளிமையாக, அடக்கமாகவே இருக்கும். ஆனால் இந்தச் சொல்லாடல் இயங்க என்னென்ன வேண்டும்? கையொப்பம் வேண்டும். மூட்டையில் விலைக்கு வாங்கக்கூடிய மண் வேண்டும். மழை நின்றுபோகாத கூரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அடுத்த ஆண்டு’ என்ற காலம் தன் கையில் இருக்க வேண்டும்.

குயவர் தெருவின் ஆண்டு வேறு. தையில் பொங்கல் பானை, கோடையில் தண்ணீர்ப் பானை, ஆவணியில் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல். அகலுக்குக் கிராக்கி வரும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். தட்டி வைத்தது காயாது, சூளை மூட்ட முடியாது. அதனால்தான் மழைக்கால நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் அடுப்பும் சேருங்கள் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள். இதுவும் அடுத்த ஆண்டைப் பற்றிய சிந்தனைதானே? ஆனால் அவர் சொன்னால் அது திட்டம்; இவர் சொன்னால் மனு.

‘சரிங்க, அவங்க கலை பண்றாங்க, இவங்க சட்டி பண்றாங்க’ என்று சிலர் சொல்லக்கூடும். கோல்டன் பிரிட்ஜ் தன் பெயரை எடுத்ததே தட்டும் கோப்பையும் செய்துதான். இரண்டும் புழங்கு பொருள்தான். வேறுபாட்டைச் சூட்டின் அளவிலும் தேட வேண்டாம். ஸ்டோன்வேர் 1300 டிகிரியை ஒட்டி வேகிறது, நம் பானை ஆயிரத்துக்குள் வேகிறது; அவ்வளவுதான். சாதியிலிருந்து பிரிந்து வந்த கைக்குக் ‘கலை’ என்ற பெயர் கிடைக்கிறது. சாதியோடு கட்டப்பட்ட கைக்குக் ‘குலத்தொழில்’ என்ற பெயர் மிஞ்சுகிறது.

இதை வைத்து ஸ்டுடியோவை மேட்டிமை என்று தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். சக்கரத்தில் பெண் உட்காரக் கூடாது என்பது பல ஊர்களில் குல வழக்கம். மண் மிதிக்கலாம், கூடை சுமக்கலாம், சந்தையில் விற்கலாம். சக்கரத்தைத் தொடக் கூடாது. அந்தத் தீட்டை மதிக்காத இடம் ஸ்டுடியோ. அங்கே பெண்கள் சக்கரத்தில் உட்கார்ந்தார்கள், பெயரும் போட்டுக்கொண்டார்கள். மரபைப் போற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘விருதெல்லாம் வருதே’ என்பது அடுத்த வாதம். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கிருந்து வந்த வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சியே. ஆனால் அரசும் பத்திரிகையும் அவரைப் பாராட்டப் பிடித்த சொல் ‘பாரம்பரியம்’. ஸ்டுடியோக்காரர் மாறினால் வளர்ச்சி. இவர் மாறாதிருந்தால்தான் பெருமை. ரே மீக்கர் 1980களில் பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். துணிச்சலான சோதனை. வெடித்தாலும் அது ‘பரிசோதனை’. குயவரின் சூளை சரிந்தால் அது கடன். தோற்றுப் பார்க்கிற உரிமை யாருக்கு என்பதில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே மட்கலை விமர்சனம் மெருகையும் வடிவத்தையும் மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. மண் எங்கிருந்து வந்தது, யார் மிதித்தார், யார் சூளை அடுக்கினார் என்று கண்காட்சிக் கையேட்டில் பெயரோடு வர வேண்டும். ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியரே அனுமதிக்கலாம் என்று 2024இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. அந்த அனுமதி குயவரின் கைக்கு உண்மையில் வருகிறதா என்று கேட்பதும் மட்கலை பற்றிய கேள்விதான். மண்ணைப் பற்றிப் பேசுகிற கலைஞர்கள் தங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.