நம்பிக்கையின்மையை அளத்தல்: ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சினை

ஆரன் பெக்கும் அவர்தம் குழுவினரும் 1974இல் வெளியிட்ட நம்பிக்கையின்மை அளவுகோல், சரி அல்லது பிழை என விடையிறுக்கத்தக்க 20 கூற்றுக்களைக் கொண்டது. தற்கொலை அபாயத்தை மதிப்பிடப் பயன்படும் இதனைத் தமிழாக்க முனைவோர்க்கு முதல் இடர்ப்பாடு 'நம்பிக்கை' என்னும் சொல்லே. இறைவிசுவாசம், பிறர்மீது வைக்கும் பற்றுறுதி, வருங்காலம் பற்றிய நல்லெதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் தமிழ் இவ்வொரு சொல்லாற் சுட்டுகின்றது. தரகனிடம் பலமுறை ஏமாந்த விவசாயி 'நம்பிக்கை இல்லை' எனும்போது அவர் கூறுவது தமது வர்க்க அனுபவத்தை. அளவுகோலோ அதனை மனச்சோர்வென எண்ணிக்கொள்ளும்.

மீள்மொழிபெயர்ப்பு இவ்வழுவை வெளிப்படுத்தும் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மொழிபெயர்ப்பவரும் மீள மொழிபெயர்ப்பவரும் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற ஒரே வர்க்கத்தினர். ஒருவர் கருதியதை மற்றவர் எளிதில் ஊகித்துவிடுவர். பிறிதொரு மொழிபெயர்ப்பு அளவுகோலோடு ஒப்பிட்டுத் தகுதியை நிறுவுவதும் இக்குறையிலிருந்து தப்புவதில்லை.

இலங்கையில் 1995இலும் 1998இலும் கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டதன் பின்னர் தற்கொலை இறப்பு வீதம் பெரிதும் வீழ்ந்தது. அவ்வாண்டுகளில் மக்களின் உள்ளம் திடீரென மாறிற்று என எவரும் வாதிடார். அபாயத்தைத் தனிமனித மனத்துள் மாத்திரம் தேடும் வினாக்கொத்து இதற்கு என்ன விளக்கம் தரும்?

ஆய்வாளர் 20 கூற்றுக்களையும் விவசாயிகள் சிலருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் விளங்கிக்கொண்டதை அவர்தம் சொற்களிலேயே பதிவுசெய்த பின்னரே புள்ளிவிபரக் கணிப்புக்குச் செல்லல் வேண்டும்.