மோட்டார் சைக்கிள் நூலும் நன்னூலும்

இலக்கிய விமர்சனம் என்னும் தலைப்பின்கீழ் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கைந்நூலை ஆராயப் புகுவது வாசக அன்பர் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். காவியத்துக்கும் நாவலுக்குமே விமர்சனம் உரியது, கிரீசுக் கறை படிந்த காகிதங்களுக்கு அஃது ஏன் என்று கேட்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாவலில் ஒரு வாக்கியம் பிழைபட்டால் வாசகன் கொட்டாவி விடுகிறான். பிரேக்கைப் பற்றிய நூலில் ஒரு வாக்கியம் பிழைபட்டாலோ, பாலிக் பூலாவ் மலைப்பாதையின் வளைவொன்றில் அவன் உயிரை விட நேரும். மலேசியாவில் சாலை விபத்துகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் என்பதை மறவாதிருப்போமாக. நம் மக்கள் கையில் உள்ள நூல்களில் உயிரோடு இத்துணை நெருங்கிய நூல் வேறெது?

நூலை அளக்கும் கோல் நம்மிடம் இல்லாமலில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துக் கூறுகிறது. பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்புவித்துவிட்டு அத்தோடு மறந்துவிடுவது நம் வழக்கம். புலவர்கள் அக்கோலைச் செய்யுளின்மீது வைத்துப் பார்த்தனர். நாம் அதை இயந்திர நூலின்மீது வைத்துப் பார்ப்போம்.

முதலில் மயங்க வைத்தல் என்னும் குற்றம். வால்வின் இடைவெளியை அளக்க வேண்டுமாயின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் ஒரு சுற்றுக்காலத்தில் இருமுறை உச்சிக்கு வருகிறது. காற்றையும் பெட்ரோலையும் அமுக்கிக்கொண்டு வருவது ஒருமுறை; எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வருவது மற்றொருமுறை. முன்னதில் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். பின்னதில் இரண்டும் சிறிதளவு திறந்திருக்கும். “பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வருக” என்று மட்டும் எழுதிச் செல்லும் ஆசிரியன் வாசகனைப் பாதிக் கிணற்றில் இறக்கிவிட்டவனாகிறான். நல்ல ஆசிரியனோ, அமுக்கும் வீச்சின் உச்சி என்று வரையறுத்து, ராக்கர் கைகள் இரண்டும் விரலுக்குச் சற்றே ஆடிக் கொடுக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி, எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறான். எவ்வித அலங்காரமும் இல்லாத மூன்று வாக்கியங்கள். எனினும் அவற்றுள் ஒரு சொல்லைக்கூட எடுத்துவிட முடியாது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஒன்றையொன்று கெடுக்காமல் கூடிநிற்கும் இடத்தைக் காட்ட வேண்டுமாயின் நாம் இதைத்தான் காட்டுவோம். இடப்பக்கம், வலப்பக்கம் என்பன வண்டியின்மேல் அமர்ந்திருப்பவனுடைய இடமும் வலமும் ஆகும் என்று முதற்பக்கத்திலேயே சொல்லிவிடும் நூலும் இத்தகையதே.

குன்றக் கூறலுக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. கழற்றும் முறையைப் படம் படமாக விரித்தெழுதிய பின், பூட்டுவது இதற்குத் தலைகீழ் முறை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இவ்வகை நூல்களின் பரம்பரை வழக்கம். இது பெரும் பொய்யாகும். கழற்றும்போது பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எறிகிறோம்; பூட்டும்போது புதியது வைக்க வேண்டும். கழற்றுவதற்கு அளவு வேண்டா. பூட்டுவதற்கோ நியூட்டன் மீட்டர்க் கணக்கு உண்டு. அந்தக் கணக்கும் மரை உலர்ந்திருந்தால் ஒன்று, எண்ணெய் பட்டிருந்தால் வேறு. எண்ணெய் பட்ட போல்ட்டு அதே முறுக்கில் மிகுதியாக இழுபட்டுவிடும். வீட்டைப் பிரிப்பதும் கட்டுவதும் ஒரே வேலைதான் என்று சொல்லும் கொத்தனாரை யாரேனும் வேலைக்கு அமர்த்துவாரா?

கூறியது கூறலைப் பொறுத்தமட்டில் நாம் இலக்கணத்தாரோடு சிறிது மாறுபட வேண்டியிருக்கிறது. பிரேக் எண்ணெய் வண்ணப்பூச்சைத் தின்னும், கண்ணிற் படலாகாது என்ற எச்சரிக்கை இந்நூல்களில் அத்தியாயந்தோறும் வருகிறது. செய்யுளில் இது குற்றமாகலாம். ஆனால் இந்நூலை முதலிலிருந்து முடிவுவரை படிப்பவர் எவருமிலர். வேண்டிய பக்கத்தைத் திறப்பர், வேலையை முடிப்பர், மூடிவிடுவர். அவர் திறக்கும் பக்கத்தில் அந்த எச்சரிக்கை இருந்தே தீரவேண்டும். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால் பிடி கைக்குள் மெத்தென்று அமிழ்ந்துவிடும், வண்டியோ நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுக என்று பல நூல்கள் கூறுகின்றன. கடற்காற்றும் மழையும் ஓயாத நம் தீவில் அந்த எல்லையை நெருங்கும்வரை காத்திராமல் இருப்பதே அறிவுடைமை. ஆயுத பூசையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறவாத அன்பர்கள் இவ்வெண்ணெய்ப் புட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.

தொடக்கத்தில் மிடுக்காய் நடந்து போகப்போகத் தேய்ந்துபோவது மற்றொரு குற்றம். எஞ்சினுக்கு ஐம்பது பக்கம் ஒதுக்கும் ஆசிரியர், மின்சாரப் பகுதியை அடைந்ததும் களைத்துவிடுகிறார். வண்ண வண்ணக் கோடுகளாய் ஒரு படத்தை மடித்து வைத்துவிட்டு விடைபெறுகிறார். மழைக்காலத்தில் வண்டி கிளம்பாமற்போவதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது அப்பகுதியே என்பது இதிலுள்ள வேடிக்கை.

இனி, நூலே வேண்டா, கை இருந்தால் போதும் என்பாருமுளர். அவர்கள் உடனே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவைச் சாட்சிக்கு அழைப்பர். இளமையில் அவர் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது பலரும் அறிந்த வரலாறு. ஆயினும் அவ்வரலாற்றின் பிற்பகுதியை இவர்கள் சொல்வதில்லை. 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையம் எழுவதற்குப் பொருளுதவி நல்கி முன்னின்றவரும் அவரே. தாம் தனியே தட்டுத்தடுமாறிக் கற்றதைப் பிறரும் அவ்வாறே கற்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. அமெரிக்கரான ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அஃது ஒரு தத்துவ நூல். அதைப் படித்து எவரும் செயினை இறுக்கிவிட முடியாது. இயந்திரக் கைந்நூல் எழுதும் தொழிலைச் செய்தவர் அவர் என்பது மட்டும் இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

இவை யாவற்றினும் பெரிய குறை மொழியைப் பற்றியது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955இல் சென்னைக்கு வந்தது. 1967இல் ரெட்டிச்சுத் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூரில் வேரூன்றிய அத்தொழில் பின்னர் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் பரவியது. தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலுமாய் நெடும்பயணத்துக்கென அமைந்த குரூசர் வண்டிகள் அங்கே தமிழர் கைகளால் பூட்டப்பட்டுக் கடல் கடந்து போகின்றன. அவ்வகை வண்டி ஒன்றைப் பினாங்கில் ஒரு தமிழ் இளைஞன் திறக்கும்போது, அவன்முன் விரிக்கும் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாமோ ஆங்கிலப் பள்ளியிற் படித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுபவர். மாலையில் தோட்டத்துப் பையன்கள் வண்டியோடும் புத்தகத்தோடும் வந்து, “கிராணி ஐயா, இந்தப் பக்கத்தைச் சொல்லுங்க” என்று நிற்கின்றனர். ஸ்பேனர் பிடிக்கும் திறமை அவர்களுடையது, வாசிக்கும் வாய்ப்பு நம்முடையது என்று பிரிந்து கிடப்பது நியாயமா? முற்காலத்தில் ஏடு சிலர் வீட்டுப் பரணில் இருந்தது. இப்பொழுது அஃது அச்சேறிக் கடையில் விற்கப்பட்டும் உழைப்பவனுக்கு எட்டாமலிருக்கிறது.

தமிழில் எழுதினால் சொல்லுக்கு எங்கே போவது என்று அஞ்ச வேண்டா. போல்ட்டு, வாஷர், கேஸ்கட், கிளட்ச் என்பவற்றைப் பட்டறை ஏற்றுக்கொண்டுவிட்டது. மரை, உருளை, தொய்வு, இறுக்கம் என்பவற்றை அது தானே வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர் மேசைமேல் புதிதாக வார்த்தெடுத்த சொற்களால் நூலை நிரப்பினால், பையன் மறுபடியும் கிராணியைத் தேடி வருவான்.

சூத்திரம் இருந்தால் அதற்கு உரை பிறப்பது நம் மரபு. ஜார்ஜ் டவுன் பட்டறை ஒன்றில் நாம் கண்ட ஆங்கிலக் கைந்நூலிலும் அம்மரபு உயிரோடிருக்கிறது. பட்டறைக்கார அண்ணன், பொமன் என்று யாவரும் அழைப்பவர், அதன் ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். எந்த ஆணியை முதலில் தளர்த்துவது, எந்த மூடியைத் தட்டாமல் எடுப்பது, எந்தப் படம் தவறு என்பனவெல்லாம் அவற்றுள் உள. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு எதிரே, அச்சிட்ட அளவை இருமுறை கோடிட்டு, “அடியில் அலுமினியம். இதுக்கு மேல இறுக்காதே, மரை போய்விடும்” என்று எழுதியிருக்கிறார். அப்பிரதியைப் பெற்று அச்சிட முன்வரும் பதிப்பாளர் எவரேனும் இருப்பின், ஓரக் குறிப்புகளைப் படியெடுத்து ஒழுங்குபடுத்தும் வேலையை நாம் கூலியின்றிச் செய்து கொடுப்போம். பட்டறைக்காரர் இசைந்துவிட்டார், பகல் வேலைக்கு நூல் தேவைப்படுவதால் இரவில் மட்டும் எடுத்துச் செல்லலாம் என்பது அவர் விதித்த நிபந்தனை.