கேள்வியே பாட்டாக!

பாட்டு எதற்கு? உழைத்துக் களைத்தவனை உறங்கவைக்கும் தாலாட்டா, உறங்குபவனை எழுப்பும் முரசா? இவ்வினாவுக்கு 1971இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஒரு விடை வந்தது. கருப்பினப் பாடகர் மார்வின் கே தந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ எனும் இசைத்தட்டு அது. ‘என்னதான் நடக்கிறது?’ என்பது பொருள். பெயரே கேள்வி!

அவர் பாடிவந்த மோட்டவுன் நிறுவனம் ஒரு பாட்டு ஆலை. மிகைச்சொல் அன்று, தோழர்களே! 1959இல் அதனைத் தொடங்கிய பெர்ரி கார்டி, கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே உறுப்பு உறுப்பாக வண்டி பூட்டிய முறையையே பாட்டுக்கும் கொணர்ந்தார். பிறந்தவை தேனொத்த காதற்பாட்டுகள். கருப்பர் குரலை வெள்ளையர் இல்லக் கூடத்திலே ஒலிக்கச் செய்தவை. சிறு சாதனையா அது? ஆனால், கூடத்தில் நுழைய இடம் பெற்ற குரல், வீட்டாரைப் பார்த்துக் கேள்வியும் கேட்கலாமோ?

1969இல் பெர்க்லி நகரில், பூங்காவொன்றைக் காக்கத் திரண்ட மக்கள்மீது போலீசார் பாய்ந்தனர். அது கண்டு கொதித்தார் ரெனால்டோ பென்சன் எனும் பாடகர். அக்கொதிப்பே பாட்டின் வித்து. மார்வினின் தம்பியோ வியட்நாம் போர்க்களம் கண்டு மீண்டவர். பாட்டு உருவாயிற்று, முதலாளி வெளியிட மறுத்தார். வெளிவராவிடில் இனிப் பாடேன் என்றார் மார்வின். ஜனவரியில் தனிப்பாட்டாக வந்தது, விற்றுக் குவிந்தது. மே திங்களில் முழுத்தட்டும் வந்துவிட்டது! கொள்கைக்கு இணங்காத கல்லாப்பெட்டி, கணக்குக்கு இணங்கிற்று.

இன்னொன்றும் நடந்தது. மோட்டவுன் பாட்டுகளுக்கு அதுவரை பெயரின்றி வாசித்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறையிலே அச்சேறின. பாஸ் கித்தாரில் வல்ல ஜேம்ஸ் ஜேமர்சன் அவர்களுள் ஒருவர். பாடகரின் புகழைவிட இந்த அச்செழுத்தே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே ஆண்டில் 21 வயதை எட்டிய ஸ்டீவி வொண்டர், தம் இசையைத் தாமே ஆளும் உரிமையை அந்நிறுவனத்திடம் வாதாடிப் பெற்றார். 1973இல் அவரது ‘இன்னர்விஷன்ஸ்’ பிறந்தது. 2020இல் ‘ரோலிங் ஸ்டோன்’ ஏடு தொகுத்த 500 இசைத்தட்டுகளின் வரிசையில் முதலிடம் மார்வினுக்கே.

நமக்கு நெருடும் இடமும் உண்டு. போருக்கும் வறுமைக்கும் காரணம் கேட்கப் புறப்பட்டவர், இடையிலே ஆண்டவன் அன்பைப் பாடுகிறார். மதபோதகரின் மகன், பழக்கம் விடவில்லை. காரணம் கேட்டவனுக்குக் கடவுளைக் காட்டுவது விடையாகுமா? ஆயினும் தட்டை முழுதும் கேளுங்கள். வழிபாட்டுப் பாட்டு கடைசியில் இல்லை. அது ஓய்ந்ததும் எழுகிறது ‘இன்னர் சிட்டி புளூஸ்’. வரிச்சுமை, விலையேற்றம், போலீசின் துப்பாக்கி என்று சேரிவாழ்வை அடுக்குகிறது. அதன் முடிவிலே, முதற்பாட்டின் மெட்டு மீண்டும் ஒலிக்கிறது.