அடியைத் திருப்பிப் பார்த்தால்

விருத்தாசலத்தில் பீங்கான் அகல் வாங்கப் போனால் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். மேல்பக்கம் கிளேஸ் பளபளக்கும். பச்சையோ காவியோ, கண்ணை இழுக்கும். அது விற்பனைக்கான முகம். செய்த கையைப் பார்க்க வேண்டுமென்றால் அடிக்குத்தான் போக வேண்டும். "அடியில ஒண்ணும் இல்லீங்க, மேல பாருங்க" என்றார் கடைக்கார அம்மா. ஒன்றுமில்லாமலா? கிளேஸ் படாத வளையம் ஒன்று வெளிறிய மண் நிறத்தில் இருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. சூளையில் கிளேஸ் கண்ணாடியாக உருகும். அடியிலும் அது இருந்தால் அகல் கீழே உள்ள பலகையோடு ஒட்டிக்கொள்ளும்; பிரித்தெடுக்கும்போது உடையும். அதனால் கிளேஸில் முக்கி எடுத்ததும் ஈர ஸ்பாஞ்சால் அடியைத் துடைத்துவிடுகிறார்கள். துடைத்த கை ஒரே சுழற்றில் முடித்ததா, நின்று நின்று போனதா என்பது அந்த வளையத்தின் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். என் கையில் இருந்த அகலில் ஒரே சுழற்று. ஆயிரக்கணக்கில் துடைத்துப் பழகிய கைக்குத்தான் அது வரும்.

இப்படிக் கவிழ்த்துப் பார்ப்பவனுக்குப் பொருத்தமான பெயர் லத்தீனில் இருக்கிறது. துப்பறிபவரை இன்வெஸ்டிகேட்டர் என்கிறோமே, அது லத்தீனிலிருந்து எழுத்து மாறாமல் வந்த சொல். அதற்குள் ஒளிந்திருப்பது வெஸ்டிகியம். அதற்குக் காலடித் தடம் என்று பொருள், உள்ளங்கால் என்றும் பொருள். பிறகு எது விட்டுப்போன சுவடுக்கும் அதுவே பெயரானது. காட்டில் விலங்கின் கால்தடம் பிடித்துப் போகிறவன் வெஸ்டிகேட்டர் என்று லத்தீன் மொழியைப் பற்றிய தன் நூலில் ரோமானிய அறிஞர் வர்ரோ விளக்குகிறார். அதே வர்ரோவை, பழமையைத் தேடிப்போகும் இன்வெஸ்டிகேட்டர் என்று கி.மு. 46இல் எழுதிய 'புரூட்டஸ்' நூலில் பாராட்டுகிறார் சிசரோ. சேற்றில் பதிந்த குளம்படியைப் பார்த்துப் போனவனின் பெயர், ஏடுகளுக்குள் நடந்த அறிஞருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ரோமானியரிடம் குவைசிட்டர் என்று இன்னொரு சொல்லும் இருந்தது. தேடுபவர், வினவுபவர் என்பதோடு, விசாரணை மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் என்றும் அதற்குப் பொருள். குவைசிட்டர் உட்கார்ந்து கேட்பவர். இன்வெஸ்டிகேட்டர் தரையைப் பார்த்துக் குனிந்து நடப்பவர். கைவினைப் பொருளை ரசிக்கிறவனுக்குக் குனிவுதான் வேண்டும் என்பது என் கட்சி. நம் மொழியும் அதற்கு வழிவிடுகிறது. பாதமும் அடி, பானையின் கீழ்ப்பாகமும் அடி, பதிந்து கிடப்பது அடிச்சுவடு.

லத்தீனும் மட்கலமும் சந்தித்த இடம் விருத்தாசலத்திலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பெயரால் அர்ரெட்டைன் என்று அழைக்கப்படும் சிவப்புக் கலங்களின் ஓடுகள் அங்கே கிடைத்தன. இத்தாலியில் காலம் தெரிந்த கலங்கள் அவை. அந்தச் சில்லுகளை வைத்துத்தான் அரிக்கமேட்டு மண்ணடுக்குகளுக்கு அவர் வயது குறித்தார். எனக்கு அந்தக் கலங்களில் பிடித்தது வேறொன்று. அவற்றைச் செய்தவர்கள் கலத்தின் உள்ளே, நடுவில் முத்திரை குத்துவார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் அந்த முத்திரைக்கு ஒரு புது வடிவம் வந்தது: உள்ளங்கால். காலின் வெளிக்கோட்டுக்குள் குயவர் பெயர். இத்தாலிக் குயவர் தன் பெயரை வெஸ்டிகியமாகவே பதித்துவிட்டார்! முதன்முதலில் இதை அறிந்தபோது நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தடம் பிடித்துப் போகிறவருக்கும் தடம் தவறும். அரிக்கமேட்டில் கிடைத்த ரூலெட் கலங்கள், உட்புறம் சிறு பல்வரிசை போலக் கோலமிட்டவை, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்று வீலர் நினைத்தார். அவை இந்தியாவிலேயே வனைந்தவை என்று பின்னால் விமலா பெக்லி போன்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

விருத்தாசலத்துக்கு வருகிறேன். செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழிலைப் பாடமாகச் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் உள்ள ஊர். பக்கத்தில் நெய்வேலி, அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் களிமண் இந்தத் தொழிலுக்குக் கை கொடுத்தது. பொம்மை செய்ய மண்ணைப் பால் போலக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கும். அதன் சுவரில் மண் ஏடு கட்டும். போதுமான கனம் வந்ததும் மீதிக் கரைசலைத் திருப்பி ஊற்றிவிடுவார்கள். கொலுப் பொம்மையின் அடியில் இருக்கும் ஓட்டை அந்த ஊற்றுவாய். அச்சு இரண்டு பாதி சேர்ந்தது என்பதால் சேருமிடத்தில் ஒரு கோடு எழும்பும். கத்தியால் சீவி, ஈரம் தொட்டு நீவி, அதை மறைக்க வேண்டும். பீங்கான் பிள்ளையாரை எடுத்தால் காதுக்குப் பின்னால் பாருங்கள். முகத்தில் கோடு இருக்காது, எல்லோரும் பார்க்கிற இடம் அது. காதுக்குப் பின்னாலும் இல்லையென்றால், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருவர் அங்கே நீவியிருக்கிறார். அந்தப் பொம்மைக்குச் சொன்ன விலை கொடுக்கலாம்.

களிமண்ணுக்கு ஞாபகம் உண்டு. பச்சை மண்ணாக இருக்கும்போது ஒரு பக்கம் லேசாக வளைந்து, உடனே நிமிர்த்திவிட்டாலும், காயும்போதும் வேகும்போதும் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். கோணிய தட்டைக் கையில் எடுத்தால், யாரோ அதை ஒற்றைக் கையால் தூக்கிய கணத்தை ஊகிக்கலாம்.

அலங்காரமே இல்லாத ஃபியூஸ் கட்டையையும் நான் இதே மரியாதையோடுதான் பார்ப்பேன். மண் காயும்போது சுருங்கும், வேகும்போது மறுபடி சுருங்கும். வெந்து வெளியே வந்தபின் திருகாணி போகிற ஓட்டை சரியாக அமைய வேண்டுமானால், சுருங்கப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். பித்தளைத் தகடு ஆடாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பழைய ஃபியூஸ் கட்டையில் அந்தக் கணக்கு தெரியும். அழகு என்று நான் சொல்வதில் அதற்கும் இடம் உண்டு.

துப்பு துலக்குவது விருத்தாசலத்துக்குப் பழைய பழக்கம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்கிறோமே, அந்த ஆறு இங்கே ஓடும் மணிமுத்தாறு. இவ்வூர்ச் சிவனான பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. எல்லோரும் அற்புதத்தைச் சொல்வார்கள். நான் மச்சத்தைச் சொல்வேன். ஆற்றில் இடும் முன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டை மாதிரியாக எடுத்து வைத்துக்கொண்டார் சுந்தரர். அதற்குப் பெயர் மச்சம். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. கொடுத்தவர் தன் தோழனான சிவபெருமானே என்றாலும் உரைத்துப் பார்த்திருக்கிறார்! பீங்கான் வேலையிலும் மச்சம் உண்டு. புதுக் கிளேஸ் கலக்கினால் முழுச் சூளையையும் நம்பி அடுக்க மாட்டார்கள். சின்ன வில்லையில் பூசிச் சுட்டுப் பார்ப்பார்கள். நிறம் சரியா, வெடிப்பு வலை விழுந்ததா என்பதை அந்த வில்லை சொல்லும்.

அன்றைக்கு நான் வாங்கிய அகலின் வெளி விளிம்புக்குக் கீழே, கிளேஸ் படாத இரண்டு புள்ளிகள் எதிரெதிரே இருந்தன. முக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடித்த இடம். கடைக்கார அம்மா அதைக் குறை என்று நினைத்து வேறொன்று எடுத்துத் தரப் போனார். இதுவே போதும் என்றேன். கிளேஸ் பூசிய இடத்தில் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. அந்த இரண்டு புள்ளிகள் மட்டும் எண்ணெயைக் குடிக்கின்றன. மூன்று கார்த்திகை ஆகிவிட்டது. கட்டைவிரல் புள்ளி இப்போது நல்ல பழுப்பு; சுட்டுவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் வெளுப்பு.